புத்தக நிலையம்

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை என்னும் ஊர் உள்ளது. மலையின் இடைப்பகுதியில் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டுள்ளார். உயர்ந்த பாறையினின்று நீர் நூலிழைபோல் இறங்கி விழும் இடத்தை இராமர் தீர்த்தம் என்பர். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என வேறு நீர்நிலைகளும் அங்கு உண்டு. அருணகிரிநாதர் பாடிய தலம் அது. அம்மலையின் அடிவாரத்திலேதான் நான் பிறந்து வளர்ந்தேன்.

ஊர்ப் பெயரைப் பிழையின்றி எழுதுவதே எங்களுக்கு முதற்பாடமாக இருந்தது. 'தீர்த்தமலை' என்பதில் 'ர்' என்னும் மெய்யை அடுத்து 'த்' என்னும் மெய் நிற்கிறது. அந்தத் தகர மெய்யை ஒருநாளேனும் விட்டுவிட்டு எழுதாத பிள்ளை எங்கள் தொடக்கப் பள்ளியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. தீர்த்தம் என்பது வடசொல். ஆற்றைக் கடக்கும் துறை என்பதே அதன் பழம்பொருள். துறையில் நீராடுவது புண்ணியம் என்று கருதியதால், பின்னர்ப் புனித நீருக்கே அது பெயராயிற்று. எழுத்து ஒன்று பிழைத்தால் எங்கள் ஆசிரியர் பிரம்பை எடுப்பார். ஆனால் பொருள் இவ்வளவு தொலைவு மாறி வந்திருப்பதைப் பற்றி எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மாசித் திங்களில் தேர்த்திருவிழா நடைபெறும்போது அடிவாரம் முழுதும் கடைகள் முளைக்கும். வளையற்காரர், பொரிகடலை விற்பவர், மண்பொம்மை செய்பவர், ஊதல் விற்பவர் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்வர். விழா முடிந்த மறுநாட் காலையில் அங்கே சென்று பார்த்தால், முளைக்கோல் அடித்த குழிகளும் கசங்கிய தாள்களுமே எஞ்சியிருக்கும். அவர்கள் அடுத்த ஊர்த் திருவிழாவை நாடிப் போயிருப்பார்கள்.

என் தாய்மாமனும் நெடுங்காலம் அவ்வாறு அலைந்து திரிந்த வணிகரே. ஆனால் அவர் விற்றது வளையலும் பொம்மையும் அல்ல. மிதிவண்டியின் பின்புறத்தில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டியிருப்பார். அதனுள் சிலேட்டு, பலப்பம், பென்சில், பேனா, மைப்புட்டி, கோடு போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு ஆகியவை அடுக்கியிருக்கும். கோட்டப்பட்டி, நரிப்பள்ளி, அம்மாபேட்டை என்று ஒவ்வொரு நாளும் ஓர் ஊர். பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு வாயிலில் போய் நிற்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையே. எனினும் எந்த ஊர்ப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான், அவனுக்கு எத்தனை நோட்டு வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மழை ஒன்றுக்கே அவர் அஞ்சினார். ஒருமுறை நரிப்பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு ஒரு மரத்தைத் தவிர வேறு இடமில்லை. வீடு வந்து பெட்டியைத் திறந்தபோது நோட்டுகள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அன்றிரவு அவரும் என் தாயும் அடுப்பின் அருகே அமர்ந்து, ஒவ்வோர் ஏடாகப் பிரித்து உலர்த்தினார்கள். உலர்ந்த பின்னும் அவற்றில் மை ஊறிப் பரவியது. அவற்றை யாருக்கும் விற்க மாட்டேன் என்று சொல்லி எனக்கே கொடுத்துவிட்டார். ஓராண்டு முழுதும் நான் அந்த நோட்டுகளிலேதான் கணக்குப் போட்டேன்.

1975ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் மாமா அடிவாரத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். பலகைக் கதவு போட்ட சிறிய அறை. மிதிவண்டியில் ஊர் ஊராய்ச் சுற்றியது போதும், பிள்ளைகளின் பொருள்களுக்கு மேலே ஒரு கூரை வேண்டும் என்று சொன்னார். அரூரிலிருந்து பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவரை அழைத்து வந்தார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்துகள். முதல் வரியில் இறைவன் திருப்பெயர். இரண்டாம் வரியில் 'புத்தக நிலையம்' என்று தமிழில். மூன்றாம் வரியில் 'ஸ்டேஷனரி' என்று ஆங்கில எழுத்துகளில். ஆங்கில வரி வேண்டும் என்று மாமா கேட்கவில்லை. அது இருந்தால்தான் கடைக்கு மதிப்பு என்று சொல்லி, எழுதுபவரே அதைச் சேர்த்துவிட்டார்.

நான் அப்பொழுது அரூரில் தங்கி ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறந்த சில நாள்களுக்குள் எங்கள் ஆங்கில ஆசிரியர், ஒலியால் ஒத்து எழுத்தால் வேறுபடும் சொற்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவற்றுள் இந்த 'ஸ்டேஷனரி'யும் ஒன்று. தொடக்கத்து ஏழு எழுத்துகளும் இரண்டு சொற்களுக்கும் பொதுவானவை. எஸ், டி, ஏ, டி, ஐ, ஓ, என் என்பன அவை. அதன்பின் ஏ, ஆர், ஒய் என்று முடிந்தால் அசையாமல் நிற்கின்ற என்று பொருள். இ, ஆர், ஒய் என்று முடிந்தால் எழுதுபொருள்கள் என்று பொருள். முன்னது பெயரடை, பின்னது பெயர்ச்சொல். எட்டாம் இடத்தில் நிற்கும் ஓர் எழுத்தே இரண்டையும் பிரிக்கிறது.

இதனைக் கற்ற அந்த வாரமே சனிக்கிழமையன்று ஊருக்குச் சென்றேன். பேருந்தை விட்டு இறங்கியதும் மாமாவின் கடைப் பலகை கண்ணிற் பட்டது. எட்டாம் எழுத்தைப் பார்த்தேன். அது 'ஏ'!

புதிதாகக் கற்ற சிறுவனின் கை சும்மா இருக்குமா? பலகையைச் சுட்டிக்காட்டி உரக்கச் சிரித்தேன். கடையில் அப்பொழுது பெற்றோர் சிலரும் பிள்ளைகளும் பொருள் வாங்கிக்கொண்டிருந்தனர். "என்ன மாப்பிள்ளை, ஏன் சிரிக்கிறாய்?" என்று மாமா கேட்டார்.

"பலகையில் பிழை இருக்கிறது மாமா. 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' வந்துவிட்டது."

"அதனால் பொருள் மாறுமா?"

"மாறாமல் என்ன? இப்படி எழுதினால், அசையாமல் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "அப்படியானால் சரியாகத்தானே எழுதியிருக்கிறான்? பதினெட்டு ஆண்டு அலைந்தேன். இப்பொழுதுதான் ஓர் இடத்தில் நிற்கிறேன்" என்றார். பிறகு உள்ளே சென்று, ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கியிருந்த சிலேட்டுகளை எடுத்து மறுபடியும் அடுக்கத் தொடங்கினார். அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அன்றிரவு என் தாய் என்னிடம் ஒன்றும் பேசாமல் சோறு போட்டார். நான் சொன்னது சரியான செய்திதானே, இதில் என்ன குற்றம் என்று எனக்குள்ளே வாதாடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

பலகையைத் திருத்துமாறு எழுதியவரைக் கேட்டபோது, வந்து போகும் செலவும் கூலியும் மீண்டும் வேண்டும் என்று சொன்னாராம். கடை வைத்த கடனே தீராத நிலையில் மாமா அதனை விட்டுவிட்டார். 'ஏ' அப்படியே நின்றது.

புரட்டாசி இறுதியில் ஒருநாள் மாமா என்னை அழைத்து, சேலத்திலிருந்த தாள் வணிகருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நோட்டுக் கட்டுகள் வழியில் நனைந்துவிடும். ஆதலால் அதற்கு முன்பே அவை வந்து சேர வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உயர்நிலைப் பள்ளி மாணவன் அல்லவா? 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்பன போன்ற தொடர்களை நானாகவே சேர்த்து அழகுபடுத்தினேன். எழுதி முடித்துக் கொடுத்தேன். மாமா மெல்லப் படித்தார். ஓரிடத்தில் அவர் கண் நின்றது. கடையின் முன்னே விசுப்பலகையில் இருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். மாமா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர்களுடன் பேச்சில் கலந்துகொண்டார்.

அவர்கள் எழுந்து சென்ற பின் கடிதத்தை விரித்தார். "மாப்பிள்ளை, அதோ அந்த மலை எங்கேயாவது வருமா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"'மலை வருவதற்கு முன் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். மலை அங்கேயே நிற்கிறது. வருவது மழை அல்லவா?"

அவர் பேனாவை மையில் தோய்த்து, என் லகரத்தின்மேல் ஒரு கோடு கிழித்து, அதன் தலைக்கு மேலே அழகான ழகரம் ஒன்றை எழுதினார். எங்கள் வீட்டுப் பேச்சில் ழகரம் செம்மையாக ஒலிப்பதில்லை. செவியை நம்பி எழுதினால் இப்படித்தான் ஆகும். மாமாவோ செவியை நம்பாமல் கண்ணை நம்பியவர். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் படித்தே எழுத்துகளை மனத்தில் இருத்திக்கொண்டவர். "தாள் விற்கிறவன் அதனைத் தாழ் என்று எழுதினால், கதவுக்குப் போடும் தாழை அல்லவா அனுப்பிவிடுவார்கள்?" என்று சொல்லிச் சிரித்தார். அந்த இருவரும் போகட்டும் என்றே அவர் காத்திருந்தார் என்பது எனக்கு அப்பொழுதே தெரிந்துவிட்டது. தலை நிமிர்ந்து அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"மாமா, பலகையை நாமே திருத்திவிடலாமா?" என்று கேட்டேன்.

"நீ எழுதிக் காட்டு. நான் வண்ணம் பூசுகிறேன்."

வாயிலில் இருந்த மணலில் பெரிய 'இ' எழுத்தைக் கீறிக் காட்டினேன். நெடுங்கோடு ஒன்று, அதிலிருந்து வலப்புறம் நீளும் குறுங்கோடுகள் மூன்று. மாமா முக்காலியின்மேல் ஏறினார். 'ஏ' எழுத்தோ இரண்டு சாய்ந்த கால்களை ஊன்றி ஏணிபோல் நிற்பது. முதலில் அதனை நீல வண்ணத்தால் மறைத்து, அது காய்ந்தபின் வெள்ளையால் 'இ' எழுதினார். ஆனால் பழைய நீலமும் புதிய நீலமும் ஒத்துப்போகவில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது, 'இ'யின் பின்னால் அந்த ஏணியின் கால்கள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன.

இந்தப் பிழை எங்கள் ஊரோடு நின்றது அன்று. நகரங்களிலும் எத்தனையோ கடைப் பலகைகளில் அதே 'ஏ'வைக் காணலாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இச்சொல்லில் அடிக்கடி தடுமாறுகின்றனர். மாணவர்கள் மறவாதிருக்க எளிய வழி ஒன்று உண்டு. ரொட்டி சுடுபவர் 'பேக்கர்'. அவர் கடை 'பேக்கரி'. அதுபோல் எழுதுபொருள் விற்பவர் 'ஸ்டேஷனர்'. அவர் விற்கும் பொருள் 'ஸ்டேஷனரி'. 'பேக்கர்', 'பேப்பர்', 'லெட்டர்' என்னும் சொற்கள் எல்லாம் 'இ, ஆர்' என்றே முடிகின்றன. இனி, அசையாது நிற்பதைக் குறிக்கும் சொல்லுக்கு, நிறுத்திவைத்த 'கார்' ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஏ, ஆர்' உண்டு. மற்றொன்றும் சொல்ல வேண்டும். சிலர் கடைப் பலகையில் 'ஸ்டேஷனரீஸ்' என்று பன்மையாக எழுதுகிறார்கள். தண்ணீர், மணல் போல அது எண்ணிக்கைக்கு உட்படாத பெயர். நூறு பொருள் இருந்தாலும் ஒருமையே. தமிழில் எழுதுபொருள் என்னும் நல்ல சொல் நமக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசிலும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை என்றே ஒரு துறை இயங்கிவருகிறது.

இவ்வளவும் விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு என்பது ஆறு ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

1981ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் 'ஆப்பிள்' என்னும் நம் நாட்டுத் துணைக்கோள், தென் அமெரிக்காவில் உள்ள கூரூவிலிருந்து 'ஏரியன்' ஏவூர்தி வாயிலாக விண்ணில் செலுத்தப்பட்டது. ஏவுவதற்கு முன் அதனை ஒரு மாட்டு வண்டியின்மேல் வைத்துச் சோதித்தார்கள். அப்படம் இன்றும் புகழ் பெற்றது. அது புவியினின்று ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், புவி தன்னைத்தானே சுற்றும் நேரத்திலேயே தானும் ஒரு சுற்று வருவது. ஆதலால் கீழிருந்து நோக்குவோர்க்கு அது ஓரிடத்தில் அசையாது நிற்பதாகத் தோன்றும். இவ்வகைத் துணைக்கோளை ஆங்கிலத்தில் 'ஜியோஸ்டேஷனரி' என்பர். நான் அப்பொழுது சேலத்தில் கல்லூரியில் படித்தேன். விடுதித் தோழர் ஒருவர் இச்செய்தியைச் சுவரில் எழுதி ஒட்டினார். அதில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'இ' இருந்தது. 'வானத்தில் எழுதுபொருட் கடை வைத்துவிட்டார்கள்' என்று நண்பர்கள் கேலி செய்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணலில் நான் கீறிய எழுத்தும், முக்காலியின்மேல் நின்ற மாமாவுமே கண்முன் வந்தனர். இத்துணை வேறான இரு பொருள்களுக்கு ஏன் ஏறத்தாழ ஒரே சொல் அமைந்தது என்று அன்று முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். கல்லூரி நூலகத்தில் இருந்த பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பிரித்தேன்.

இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை! இலத்தீன் மொழியில் 'ஸ்டாட்டியோ' என்றால் நிற்றல், நிற்கும் இடம். புகைவண்டி நிற்கும் 'ஸ்டேஷன்' அதிலிருந்து வந்ததே. வடமொழியில் தானம், தலம் என்னும் பொருள்படும் சொற்களும் அவ்வேரோடு உறவுடையவை. இடைக்கால ஐரோப்பாவில் வணிகருட் பலர் ஊர் ஊராகச் சுற்றி விற்பவர்கள்; சந்தைக்குச் சந்தை மூட்டையோடு நடப்பவர்கள். நம் நாட்டு உமணர் உப்பு வண்டிகளோடு திரிந்ததாகச் சங்க நூல்களில் படிக்கிறோம் அல்லவா? அதுபோன்ற வாழ்வே அவர்களுடையதும். ஆனால் நூல் விற்பவர் அப்படி அலைய இயலவில்லை. பல்கலைக்கழகங்கள் தோன்றிய ஊர்களில், மாணவர் தேடி வருவதற்கு வாய்ப்பாக, உரிமம் பெற்று ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்தவர்கள் அவர்களே. எனவே அவர்களுக்கு 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்று பெயர் வந்தது. அலையாமல் நின்று விற்பவர் என்பது அதன் கருத்து. அந்த இலத்தீன் சொல்லில் எட்டாம் எழுத்து எது என்று பார்த்தேன். 'இ' அன்று, மாமாவின் பலகையில் நாங்கள் நீலம் பூசி மறைத்த அதே 'ஏ'.

படிக்கப் படிக்கச் சுவை மிகுந்தது. அச்சுப்பொறி தோன்றாத அக்காலத்தில், பொலோனா, பாரிசு ஆகிய பல்கலைக்கழக நகரங்களில் இவ்வணிகர் ஒவ்வொரு நூலுக்கும் திருத்தமான மூலப்படி ஒன்றை வைத்திருப்பர். அதனைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து மாணவர்க்கு வாடகைக்கு விடுவர். ஒரு மாணவன் ஒரு கட்டை எடுத்துச் சென்று படியெடுத்துத் திருப்பித் தந்தபின் அடுத்ததை வாங்குவான். அதே நேரத்தில் வேறொருவன் வேறொரு கட்டை எழுதிக்கொண்டிருப்பான். பாரிசுப் பல்கலைக்கழகம் 1275ஆம் ஆண்டில் இவ்வணிகர்க்கு விதிகள் வகுத்தது. பொலோனாவில் மூலப்படிகளைச் சோதிப்பதற்கென்றே ஆய்வாளர் இருந்தனர். பிழையுள்ள படியை வாடகைக்கு விட்டவர் தண்டம் கட்ட வேண்டும். தாள்களை மடித்து அடுக்கிய கட்டுக்கு 'குயர்' என்று பெயர். நான்கு நான்காக என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மாமாவின் கடையில் பிள்ளைகள் நாள்தோறும் 'ஒரு குயர் நோட்டு', 'இரண்டு குயர் நோட்டு' என்று கேட்பதை எண்ணிப் பார்த்தேன். அந்தப் பழைய கடைகளின் வாசனை எங்கள் அடிவாரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் அந்த இலத்தீன் பெயர் 'ஸ்டேஷனர்' என்று திரிந்தது. அவர்கள் 1403ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு கழகம் அமைத்தனர். 1557இல் அக்கழகம் அரச பட்டயம் பெற்றது. அச்சிடும் நூல்களைப் பதிவு செய்யும் ஏடு அவர்களிடமே இருந்தது. சேக்சுபியரின் நாடகங்கள் பலவும் அந்த ஏட்டில் பதிவாயின. காலப்போக்கில் நூல் விற்பவர் வேறு, தாளும் மையும் இறகும் விற்பவர் வேறு என்று பிரிந்தனர். 'ஸ்டேஷனர்' என்ற பெயர் பின்னவரிடம் தங்கியது. அவர் விற்ற பொருளுக்கு 'ஸ்டேஷனரி' என்று பெயர் வழங்கலாயிற்று. 'ஸ்டேஷனர்' என்பதில் 'இ' இருந்ததால் பொருளின் பெயரிலும் 'இ' நின்றது. இலத்தீனிலிருந்து பெயரடையாக வந்த மற்றொரு சொல்லோ தன் பழைய 'ஏ'வை விடவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வேறு வேறு வீடுகளில் வளர்ந்ததுபோல் ஆயிற்று.

இதனால் பலகையில் 'ஏ' எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. இன்று படிப்போர்க்கு அது பிழையே. பெயர் மாறியதற்கு வரலாறு சான்று தரலாம். தேர்வுத் தாளில் மதிப்பெண் தராது. ஆனால் அன்று நான் கடையின் முன்னே நின்று அறிவிப்பதுபோல் உரக்கச் சொன்ன செய்தி பாதி மட்டுமே. மறுபாதியை மாமா ஒரு நொடியில், ஆங்கிலம் அறியாமலே சொல்லிவிட்டார். அலைந்தவன் நின்றேன் என்று அவர் சொன்னதுதான் அச்சொல்லின் பிறப்பு.

அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றதும் நேரே கடைக்குப் போனேன். ஆறு ஆண்டுகளில் பலகையின் வண்ணம் மங்கியிருந்தது. மாமாவின் காதோரம் நரை கண்டிருந்தது. விசுப்பலகையில் அமர்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிழையான படிக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வேளை, நான் அந்த ஊரில் கடை வைக்கவில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "சந்தை சந்தையாகத் திரிந்தவர்கள் மழைக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். அகராதியில் அதற்கு விடையில்லை.

"அன்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தேன் மாமா. அது தவறு" என்றேன்.

அவர் அதற்கு விடை சொல்லவில்லை. "அந்தப் பழைய சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னாய்?" என்று கேட்டார்.

"நிற்கும் இடம் மாமா. நிலை, நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம். நூல் விற்பவர் நிலையாக நின்ற இடம்."

மாமா எழுந்து தெருவில் இறங்கினார். நாலடி பின்னே சென்று, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"அதைத்தானே இரண்டாவது வரியில் எழுதியிருக்கிறது?" என்றார்.

நானும் இறங்கிப் பார்த்தேன். 'புத்தக நிலையம்' என்று இருந்தது. ஆறு ஆண்டுகளாக நான் மூன்றாம் வரியையே பார்த்துவந்திருக்கிறேன். நில் என்னும் வினையிலிருந்து நிலை, நிலையிலிருந்து நிலையம். இலண்டனிலும் பொலோனாவிலும் நான் தேடிச் சென்ற பொருள், தமிழில், வெள்ளை எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அப்பொழுது ஒரு சிறுமி காசைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஒரு குயர் நோட்டு, கோடு போட்டது" என்றாள். மாமா உள்ளே சென்றார்.